மீர் விண்வெளி நிலையத்தைக் கணினியில் மறுபடியும் இறக்கினோம்

எடை 135 டன். வேகம் நொடிக்கு 7.77 கிலோமீட்டர். அதைக் கீழே கொண்டுவரக் கையில் இருந்த எரிபொருள் வெறும் 2.7 டன். 2001 மார்ச் 23 அன்று, மாஸ்கோவை ஒட்டிய கொரோலியோவ் நகரின் கட்டுப்பாட்டு மையம் ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தைத் தென் பசிபிக் கடலில் இறக்கியபோது இருந்த நிலவரம் இதுதான். அந்த இறக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை நாங்களே கணினியில் நடத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். நான்கு பேர் கொண்ட குழு. வேலையைப் பிரித்துக் கொடுத்து ஒன்றுசேர்க்கும் பொறுப்பு என்னுடையது. ஒருவர் சுற்றுப்பாதைக் கணக்கு, ஒருவர் காற்று மண்டலம், குழுவில் இளையவரான தங்கை ஒருவர் உடைந்து விழும் துண்டுகள், நான் எரிபொருளும் நேர அட்டவணையும்.

ஏன் மீர்? அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் 1979 ஜூலை 11 அன்று இறங்கி, மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் வட்டாரத்தில் துண்டுகளைச் சிதறவிட்டது. எங்கே விழும் என்று கடைசிவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்தியாவில்கூட மக்கள் வானத்தைப் பார்த்தபடி பயந்துகொண்டிருந்தார்கள். சோவியத்தின் சல்யூட் 7 நிலையம் 1991 பிப்ரவரியில் அர்ஜென்டினாவின்மேல் உடைந்தது. சீனாவின் தியான்கொங்-1, 2018 ஏப்ரல் 2 அன்று கட்டுப்பாடின்றி இறங்கியது. கடலில் விழுந்தது அதிர்ஷ்டம். தியான்கொங்-2, 2019 ஜூலையில் முறையாக இறக்கப்பட்டது என்றாலும் அது ஒற்றை உருளை, எட்டரை டன் சொச்சம். மீரோ 1986 முதல் 1996 வரை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டிய ஏழு பகுதிகள் கொண்டது. நாலா பக்கமும் சூரியத் தகடுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய, அவ்வளவு கோணலான ஒன்றைக் குறித்த கடலில் குறித்த நேரத்தில் இறக்கியதில் பயில்வதற்கு நிறைய இருக்கிறது. உந்துபொறி எப்போது எரிந்தது, எவ்வளவு நேரம் எரிந்தது, 100 கிலோமீட்டர் உயரத்தை எங்கே எப்போது கடந்தது என்ற விவரங்களும் வெளியாகியிருக்கின்றன. நம் கணக்கு சரியா என்று சோதித்துக்கொள்ள ஆதாரம் கையில் இருக்கிறது.

எரிபொருளிலிருந்து தொடங்கினோம்

மீரை இறக்குவதற்கென்றே பிராக்ரஸ் எம்1-5 என்ற ஆளில்லாச் சரக்குக் கலம் 2001 ஜனவரி 24 அன்று பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து ஏவப்பட்டு, ஜனவரி 27 அன்று நிலையத்தின் பின்பக்கம் வந்து இணைந்தது. உணவும் கருவிகளும் கொண்டுபோக வேண்டிய இடத்தில் எரிபொருள் நிரப்பப்பட்டிருந்தது. 2,677 கிலோ.

இந்த வகை எரிபொருள் உந்துபொறியிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 2.9 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டோம். 2.7 டன்னை 2.9-ஆல் பெருக்கி 135-ஆல் வகுத்தால் நொடிக்கு 58 மீட்டர் வருகிறது. மீரின் வேகத்தில் அதிகபட்சம் இவ்வளவைத்தான் குறைக்க முடியும். ஓடும் வேகத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எங்கள் தாளின் தலைப்பில் இந்த 58 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வைத்தோம். பிறகு வந்த ஒவ்வொரு முடிவும் இதற்குள் அடங்க வேண்டியிருந்தது.

58 மீட்டர் போதுமா? சுற்றுப்பாதையில் ஓரிடத்தில் வேகத்தைக் குறைத்தால் அந்த இடத்தில் உயரம் குறையாது. பூமிக்கு மறுபக்கத்தில்தான் குறையும். இந்த உயரங்களில், நொடிக்கு ஒரு மீட்டர் குறைத்தால் மறுபக்கம் ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் தாழும். நிலையம் 300 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அதன் அண்மைப்புள்ளியை, அதாவது பாதையில் பூமிக்கு மிக அருகே வரும் இடத்தை, 40 கிலோமீட்டருக்குக் கொண்டுவர வேண்டுமானால் 75 மீட்டர் தேவை. கையில் 58தான். கட்டுப்படியாகாது. அதுவே 220 கிலோமீட்டரிலிருந்து தொடங்கினால் 53 மீட்டரில் முடிகிறது.

மீரை உடனே இறக்காமல், பாதை தானாகவே 220 கிலோமீட்டருக்குத் தாழும்வரை வாரக்கணக்கில் காத்திருந்ததன் காரணம் எங்களுக்கு இந்த இடத்தில்தான் உறைத்தது. 300-க்கும் 220-க்கும் இடையிலான 22 மீட்டரை எரிபொருளாகப் பார்த்தால் ஒரு டன். அந்த ஒரு டன் வேலையைக் காற்று இலவசமாகச் செய்து கொடுத்தது.

காற்று என்னும் கூட்டாளி

சுற்றுப்பாதை நிரலை பைத்தானில் எழுதினோம். பாதையைச் சிறு சிறு கால இடைவெளிகளாக நகர்த்திக் கணக்கிடும் ருங்கே–குட்டா நான்காம் படி முறை, இடைவெளி ஒரு நொடி. முதலில் காற்றையே சேர்க்காமல் ஓட்டி, நிலையத்தின் மொத்த ஆற்றல் பல சுற்றுகளுக்குப் பிறகும் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். இதைச் செய்யாமல் காற்றைச் சேர்த்தால், பாதை தாழ்வது காற்றினாலா நம் கணக்கின் ஓட்டையினாலா என்று பிறகு பிரித்துப் பார்க்கவே முடியாது. செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள் இதுதான்.

220 கிலோமீட்டரில் ஒரு சுற்றுக்கு 88.9 நிமிடம். அந்த நேரத்தில் பூமி 22 பாகைக்குமேல் சுழன்றுவிடும் என்பதால், அடுத்த சுற்றின் பாதை நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் மேற்கே தள்ளி விழுகிறது. இந்த எண் பின்னால் உதவியது.

காற்றைச் சேர்ப்பதுதான் தலைவலி. அந்த உயரத்துக் காற்றின் அடர்த்தி சூரியனைப் பொறுத்து மாறுகிறது. 2001-இல் சூரியச் செயல்பாடு உச்சத்தை ஒட்டி இருந்தது. வெப்பம் ஏறிய காற்று மண்டலம் உப்பி மேலே எழும்பியிருந்த காலம். எந்த மாதிரியை எடுத்தாலும் அடர்த்தியில் பத்துப் பதினைந்து விழுக்காடு முன்பின்னாகத்தான் இருக்கும். இன்னொரு சிக்கல் பரப்பளவு. மீர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் காற்றுக்கு முகம் கொடுக்கும் பரப்பு மாறும். நாங்கள் சராசரியாக 280 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, வடிவத்தைப் பொறுத்துக் காற்று எவ்வளவு இழுக்கும் என்பதைக் காட்டும் இழுவைக் கெழுவை 2.2 என்று வைத்தோம்.

அப்படி ஓட்டியபோது 300 கிலோமீட்டரில் நாளொன்றுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாகவே பாதை தாழ்ந்தது. 220-ஐ நெருங்கும்போது நாளொன்றுக்கு மூன்று நான்கு கிலோமீட்டர். இறக்கம் வேகமெடுத்துக்கொண்டே போகிறது. அதனால் தேதியை முன்கூட்டி உறுதியாகக் குறிக்க முடியாது. அடர்த்தியைப் பத்து விழுக்காடு கூட்டிக் குறைத்தால் 220-ஐ எட்டும் நாளே மாறிவிடுகிறது. உண்மையான குழுவும் வாராவாரம் தேதியைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படியானால் இன்னும் காத்திருந்து 200-க்கோ 180-க்கோ போகவிட்டு எரிபொருளை இன்னும் மிச்சப்படுத்தலாமே என்று காற்றுக் கணக்குப் பார்த்த நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. கடைசி எரிப்புக்கு முன் மீர் தொட்ட மிகத் தாழ்ந்த உயரமான 158 கிலோமீட்டரில் நிலையத்தின்மேல் காற்றின் இழுப்பு எங்கள் கணக்கில் 24 நியூட்டன் வந்தது. இரண்டரைக் கிலோ அரிசிப் பை ஒன்றைக் கையில் தூக்கினால் உணரும் பாரம், அவ்வளவே. ஆனால் அந்த இழுப்பு நிலையத்தின் எடை மையத்தில் பிடிக்காது. ஒரு பக்கம் நீண்ட தகடுகளில் பிடிக்கும். 135 டன் கூட்டை அது மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும். எரிப்பின்போது உந்துபொறி சரியான திசையைப் பார்த்தாக வேண்டும். திசையைக் காக்கும் சிறு உந்துபொறிகள் ஒவ்வொன்றும் தருவது ஏறக்குறைய 130 நியூட்டன். 158-இல் அவற்றால் காற்றோடு மல்லுக்கட்ட முடியும். 120 கிலோமீட்டரில் இழுப்பு 400 நியூட்டனைத் தாண்டுகிறது. 100-இல் ஒன்பதாயிரத்தை மீறுகிறது. காற்று கூட்டாளியாக இருப்பது ஓர் உயரம்வரைதான்.

இடையில் ஒரு சரிபார்ப்பு

மீருக்குள் இறங்கும் முன் நிரலைச் சிறிய கலம் ஒன்றில் சோதிக்க விரும்பினோம். இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்த மேகா-டிராபிக்ஸ்-1 செயற்கைக்கோளை இஸ்ரோ 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலில் கட்டுப்பாட்டோடு இறக்கியது. ஆயிரம் கிலோ எடை கொண்ட அந்தக் கோள் இப்படி இறக்குவதற்கென்று வடிவமைக்கப்பட்டதே அல்ல. மிச்சமிருந்த 125 கிலோ எரிபொருளை வைத்து, 2022 ஆகஸ்டிலிருந்து இருபது முறை பாதையைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தி வந்தார்கள். கடைசி இரண்டு எரிப்புகளில் 11 நியூட்டன் உந்துபொறிகள் நான்கு, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 20 நிமிடம் எரிந்தன. நாங்கள் போட்டுப் பார்த்ததில் ஒவ்வொரு எரிப்பும் நொடிக்கு 50 மீட்டருக்குமேல் வேகத்தைக் குறைத்தது. மீருக்கு மொத்தமாகக் கிடைத்த அளவை அந்தச் சிறிய கோள் ஒரே எரிப்பில் செலவிட்டது! எடை என்ற ஒன்றால் பிரச்சினையின் முகமே எப்படி மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதிலும் நாங்கள் பார்க்கவில்லை.

மூன்று எரிப்புகள்

இப்போது மார்ச் 23. உலக நேரப்படி எழுதுகிறேன். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளலாம்.

00:32-க்கு முதல் எரிப்பு. 02:00-க்கு இரண்டாவது. இரண்டிலும் பிராக்ரஸின் சிறு உந்துபொறிகள் மட்டுமே, இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாக எரிந்தன. எட்டு உந்துபொறிகள் என்று கொண்டு எங்கள் நிரலில் ஓட்டியபோது இரண்டும் சேர்ந்து 20 மீட்டர் அளவுக்கு வேகத்தைக் குறைத்தன. அண்மைப்புள்ளி 160-ஐ ஒட்டி இறங்கியது, பூமியிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் இடமான சேய்மைப்புள்ளி 216 அளவில் நின்றது. பதிவாகியிருக்கும் உண்மையான பாதையும் அதை ஒட்டியதே.

இந்த இரண்டு எரிப்புகளின் வேலை உயரத்தைக் குறைப்பது மட்டுமல்ல, பாதையின் தாழ்ந்த பக்கமும் உயர்ந்த பக்கமும் பூமியின் எந்தப் பகுதிக்குமேல் வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும்கூட. 220-இல் ஏறக்குறைய வட்டமாக இருந்த பாதைக்கு இவை ஒரு முகத்தைக் கொடுத்தன.

பிறகு ஏறத்தாழ இரண்டு சுற்று இடைவெளி. நேர அட்டவணையைப் பார்த்த நான் இதில் நெடுநேரம் செலவிட்டேன். உடனே மூன்றாவதை எரித்தால் என்ன? பூமி சுழன்று, பாதையின் கடைசிப் பகுதி வெறுங்கடலின்மேல் வந்து சேர நேரம் வேண்டும். முதல் இரண்டு எரிப்புக்குப் பிறகு உண்மையில் எந்தப் பாதையில் இருக்கிறோம் என்று தரை நிலையங்கள் அளந்து சொல்லவும் நேரம் வேண்டும். 158-க்கு 216 என்ற பாதையில் எங்கள் மாதிரி நிலையம் ஓரிரு நாள் தாக்குப்பிடித்தது. அதாவது ஏதாவது தவறினால் மறுபடி முயல ஒரு சிறு வாய்ப்பு இருந்தது. ஒரு சுற்று தவறினால் 2,500 கிலோமீட்டர் மேற்கே தள்ளி விழும் என்று முன்பு சொன்னேன் அல்லவா, அந்தக் கணக்கு இங்கேதான் உதவியது.

05:07 கடந்து மூன்றாவது எரிப்பு. இம்முறை சிறு உந்துபொறிகளோடு பிராக்ரஸின் முதன்மை உந்துபொறியும் சேர்ந்தது. 22 நிமிடத்துக்குமேல் நீடித்தது.

22 நிமிடம் என்பது கால் சுற்று. பாடப்புத்தகங்களில் வேகக் குறைப்பு ஒரே கணத்தில் நடப்பதாக வைத்துக்கொள்வார்கள். கால் பூமியைச் சுற்றிக்கொண்டே எரிக்கும்போது அந்த வசதி கிடையாது. சேய்மைப்புள்ளியில் எரிக்கும் நொடிதான் முழுப் பலன் தருகிறது. அதற்கு முன்னும் பின்னும் எரிப்பதில் ஒரு பகுதி வீணாகிறது. எங்கள் கணக்கில் ஓடும் திசைக்கு நேரெதிராக உந்துபொறியைத் தொடர்ந்து திருப்பிக்கொண்டே வந்தால் இழப்பு 5 விழுக்காடு. திருப்பாமல் விண்மீன்களைப் பார்த்து ஒரே திசையில் நிறுத்திவிட்டால் இழப்பு 9 விழுக்காட்டைத் தாண்டுகிறது. திருப்புவதற்கும் எரிபொருள் வேண்டும், திருப்பும் கணினி ஒழுங்காக இயங்க வேண்டும். நான்கு விழுக்காட்டுக்காக எந்தச் சிக்கலை ஏற்பது? பொறியாளர்களின் அன்றாடம் இப்படிப்பட்ட பேரங்களில்தான் கழிகிறது. நாங்கள் இரண்டு வகையிலும் ஓட்டி வைத்துக்கொண்டோம்.

மிச்சமிருந்த எரிபொருள் முழுவதையும் மூன்றாவது எரிப்பில் செலவிடுவதாக வைத்தபோது அண்மைப்புள்ளி 40 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கியது. அந்தப் பாதையில் வரும் பொருள் திரும்ப மேலே போகவே முடியாது.

ஏழு நிமிடம்

சரிபார்க்க எங்களிடம் இருந்த பிடிமானம் ஒரே ஒரு நேரம். மீர் 100 கிலோமீட்டர் உயரத்தைக் கடந்தது 05:44-க்கு, ஃபிஜித் தீவுகளின் நாடி நகருக்கு அருகே.

மூன்றாவது எரிப்பின் நடுப்பகுதி 05:18-ஐ ஒட்டி வருகிறது. அங்கிருந்து 05:44 வரை 26 நிமிடம் இல்லை, கொஞ்சம் குறைவு. எரிப்பின் நடுப்பகுதி சேய்மைப்புள்ளியில் அமைந்ததாக வைத்துக்கொண்டு, அண்மைப்புள்ளியை 80 கிலோமீட்டராக வைத்து முதலில் ஓட்டினோம். நிலையம் பூமியை 134 பாகை சுற்றிய பிறகுதான் 100 கிலோமீட்டரைத் தொட்டது. 33 நிமிடம். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை, "அண்ணா, இது ஏழு நிமிடம் பிந்துகிறது. ஏழு நிமிடம் என்றால் மூவாயிரம் கிலோமீட்டர்" என்றார். அண்மைப்புள்ளியை 40-க்கு இறக்கினோம். 108 பாகை; 26 நிமிடத்தை ஒட்டி வந்துவிட்டது.

அந்தக் கணத்தில் அறையில் எழுந்த உற்சாகத்தை எழுத்தில் கொண்டுவருவது கடினம். பல்லாண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றின் எரிபொருள் கணக்கும், காற்றுக் கணக்கும், கடிகார நேரமும் தனித்தனி வழிகளில் வந்து ஒரே இடத்தில் சந்தித்தன.

இந்தச் சோதனை இன்னொன்றையும் காட்டியது. அண்மைப்புள்ளி 80-இல் இருந்தால், அதில் ஒரு கிலோமீட்டர் பிசகினாலும் 100 கிலோமீட்டரைத் தொடும் இடம் 115 கிலோமீட்டர் தள்ளிப்போகிறது. 40-இல் இருந்தால் அதே பிசகு 50 கிலோமீட்டராகச் சுருங்குகிறது. ஆழமாக இறக்கினால் துல்லியம் கூடுகிறது. எரிபொருளை முதல் இரண்டு எரிப்பில் தாராளமாகச் செலவிட்டுவிடாமல் கடைசி எரிப்புக்குச் சேர்த்து வைப்பதன் பொருள் அதுதான். நிலையம் எப்படியும் விழும். அதற்கு எரிபொருளே தேவையில்லை. எங்கே விழ வேண்டும் என்பதற்குத்தான் அந்த 58 மீட்டரும்.

100 கிலோமீட்டரைத் தொடும்போது நிலையம் எவ்வளவு சாய்வாக இறங்குகிறது தெரியுமா? எங்கள் கணக்கில் 0.73 பாகை. உயரம் ஒரு கிலோமீட்டர் குறைவதற்குள் தரையில் 78 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. இதனால் ஒரு சில்லறை விஷயம் பூதாகரமாகியது. பூமி உருண்டை அல்ல, நிலநடுக்கோட்டில் புடைத்திருக்கிறது. சராசரி ஆரமான 6,371 கிலோமீட்டரை வைத்து உயரத்தை அளந்தால் ஒரு விடை, ஃபிஜியின் அகலாங்கில் உள்ள உண்மையான 6,376-ஐ வைத்தால் இன்னொரு விடை. வித்தியாசம் ஐந்தே கிலோமீட்டர். தரையில் அது 390 கிலோமீட்டர்! மீரின் பாதை தொடும் வட எல்லையான 51.6 பாகை அகலாங்கில் தரை, நிலநடுக்கோட்டைவிட 13 கிலோமீட்டர் தாழ்வு. இதையெல்லாம் நிரலில் சரியாக எழுதிய பிறகே எங்கள் புள்ளி நாடியின் பக்கம் வந்து உட்கார்ந்தது.

துண்டுகள்

100 கிலோமீட்டருக்குக் கீழே தங்கையின் பொறுப்பு. பதிவுகளின்படி 05:52 அளவில் பெரிய உடைவு தொடங்கியது. 06:00 மணி அளவில் எஞ்சியவை கடலில் விழுந்தன. மையமாகச் சொல்லப்படும் இடம் தெற்கு அகலாங்கு 40, மேற்கு நெட்டாங்கு 160. நாடியிலிருந்து 3,200 கிலோமீட்டருக்குமேல். ஃபிஜிக் கடற்கரையில் நின்றவர்கள் தீப்பிழம்புகள் வரிசையாக வானைக் கடப்பதைப் பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள்.

எல்லாத் துண்டுகளும் ஒரே இடத்தில் விழாது. சூரியத் தகடு போன்ற அகன்ற இலேசான பொருளைக் காற்று சீக்கிரம் பிடித்து நிறுத்திவிடும். அது பாதையின் தொடக்கத்திலேயே விழும். அடர்த்தியான உலோகக் கட்டிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு வெகுதூரம் போகும். நிலையத்தின் திசையைக் காக்கச் சுழன்றுகொண்டிருந்த கனமான சுழலிகள், இணைப்பு முனைகள், வாயு அடைத்த டைட்டானியக் கலங்கள் ஆகியவை எங்கள் பட்டியலில் கடைசிவரை தப்பியவை. முழு நிலையத்தில் 20 முதல் 25 டன் வரை கடலை எட்டலாம் என்று அப்போது மதிப்பிட்டிருந்தார்கள். தங்கை எடுத்துக்கொண்ட துண்டு வகைகளை விதவிதமான உடையும் உயரங்களில் பிரித்துவிட்டு ஓட்டியபோது, விழும் பரப்பு பாதையை ஒட்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு நீண்டு, குறுக்கே ஒடுங்கி வந்தது. எவ்வளவு துல்லியமாக இறக்கினாலும் இந்த நீளத்தைக் குறைக்க முடியாது. அதை முழுதாக விழுங்கிக்கொள்ளும் அளவுக்கு ஆளில்லாக் கடல் தேவை. அதற்கு மிகப் பொருத்தமான இடம் தென் பசிபிக். எந்தக் கரையிலிருந்தும் மிகத் தொலைவில் உள்ள நெமோ முனை அங்கேதான் இருக்கிறது; மிக அருகே உள்ள நிலமே 2,688 கிலோமீட்டர்.

பாதியில் நின்றால்

வேலையின் கடைசிப் பகுதிதான் எனக்கு முக்கியமானது. மூன்றாவது எரிப்பு பாதியில் நின்றுபோனால் என்ன நடக்கும் என்று ஓட்டிப் பார்த்தோம். அண்மைப்புள்ளி 100 கிலோமீட்டர் அளவில் நின்றது. நிலையம் காற்றில் ஒரு முறை உரசி நொடிக்கு 45 மீட்டருக்குமேல் வேகத்தை இழந்து, ஆனால் உடனே விழாமல், கரைகளைக் கடந்து ஓடி, எங்கோ இறங்கியது. அடர்த்தியைச் சிறிது மாற்றினாலும் விழும் இடம் கண்டம் விட்டுக் கண்டம் தாவியது. எரிக்காமலே விட்டிருந்தால் யோசிக்க ஒரு நாளாவது கிடைத்திருக்கும். பாதி எரிப்பில் அதுவும் போய்விடுகிறது. மூன்றாவது எரிப்பு தொடங்கினால் முடிந்தே ஆக வேண்டும்.

முடிய வேண்டுமானால் 22 நிமிடமும் கணினி இயங்க வேண்டும், மின்கலங்களில் மின்சாரம் இருக்க வேண்டும், உந்துபொறிகள் திசையைப் பிடித்து நிற்க வேண்டும். பதினைந்து ஆண்டு உழைத்த நிலையத்தில் இவற்றில் எதற்கும் உத்தரவாதம் கிடையாது. 2000 டிசம்பர் 25 அன்று மீரோடு தொடர்பு ஏறக்குறைய ஒரு நாள் அறுந்துபோனது. 2001 ஜனவரி 18 அன்று மின்சாரம் குன்றி முதன்மைக் கணினி நின்றது. அன்று கிளம்ப வேண்டிய பிராக்ரஸ் எம்1-5 அதனால்தான் ஜனவரி 24 வரை காத்திருந்தது. அந்த நேரத்தில் நிலையத்தில் ஆள் யாரும் இல்லை.

மீரை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டியிருக்கலாம் என்று வருந்தியவர்கள் அன்று நிறையப் பேர். அவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அந்த நிலையத்தின்மேல் பிரியம் உண்டு. ஆனால் இந்தக் கணக்குகளைக் கையால் போட்டுப் பார்த்த பிறகு என் முடிவு உறுதியாகிவிட்டது. நிலையம் சொன்ன பேச்சைக் கேட்கும்போதே அதை இறக்கிவிட வேண்டும். சல்யூட் 7-ஐ உயரத் தூக்கி நிறுத்திவிட்டு, பிறகு ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். காற்று மண்டலம் எதிர்பார்த்ததைவிட வேகமாக இழுத்தது, கட்டுப்படுத்த எரிபொருள் இல்லை. ஸ்கைலாபுக்கும் உதவிக் கலம் போய்ச் சேர்வதற்குள் காலம் முந்திக்கொண்டது. 2001 மார்ச்சில் மீர் ஆணைகளை ஏற்றது, திசை திரும்பியது, 22 நிமிடம் நிலைகுலையாமல் நின்றது. கொரோலியோவ் குழுவின் மிகப் பெரிய சாதனை அந்தத் தேதியைத் தேர்ந்ததுதான் என்பேன்.

இப்போது அதே நிரலில் சர்வதேச விண்வெளி நிலையத்தை ஏற்றியிருக்கிறோம். 420 டன். அதை இறக்க ஒரு தனிக் கலம் செய்யும் ஒப்பந்தத்தை நாசா 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தது; மதிப்பு 84.3 கோடி டாலர் வரை. அதில் 16 டன் அளவுக்கு எரிபொருளும் 46 டிராகோ உந்துபொறிகளும் இருக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். எங்கள் தாளின் தலைப்பில் 58 இருந்த இடத்தில் இப்போது நூறைத் தாண்டிய ஓர் எண் இருக்கிறது. கால்பந்து மைதான அளவுக்கு விரிந்த அந்த நிலையத்தின் தகடுகளைக் காற்று எந்த உயரத்தில் நிலைகுலைக்கத் தொடங்கும் என்பதைத்தான் காற்றுக் கணக்குப் பார்க்கும் நண்பர் இந்த வாரம் ஓட்டிக்கொண்டிருக்கிறார். கடைசி எரிப்பைத் தொடங்கும் உயரம் அந்த விடையைப் பொறுத்தே அமையும்.